யாருடைய மண்ணில் கீரை? சப்ரகமுவ லயங்களின் மரக்கறிப் பாத்திக்கு ஒரு வரலாறு

2022 ஜூன் மாதம் அரசாங்கம் ஒரு முடிவு எடுத்தது. அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு. எரிபொருள் இல்லை, ஒஃபிசுக்கு வந்து போவது கஷ்டம். அந்த நாளில் வீட்டில் இருந்து மரக்கறி பயிரிடட்டும் என்றார்கள். டிவியைப் போட்டால் வீட்டுத்தோட்டம், ஃபேஸ்புக்கைத் திறந்தால் வீட்டுத்தோட்டம். மொட்டை மாடியில் தக்காளி, பழைய வாளியில் வல்லாரை, போத்தலில் வெங்காயத்தாள்.

கேகாலையிலோ இரத்தினபுரியிலோ ஒரு லயத்தில் இருந்து இதைப் பார்த்தவர்களுக்கு ரெண்டு கேள்வி வந்திருக்கும். ஒண்ணு, வெள்ளிக்கிழமை வேலைக்குப் போகலன்னா பேரு எப்படி விழும்? தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் பெயர் ‘பேர்’. பேர் விழுந்தால் சம்பளம், விழாவிட்டால் இல்லை. ரெண்டாவது கேள்விதான் பெரிசு. சரி, நடுறோம். எங்க நடுறது?

இந்தக் கட்டுரை அந்த ரெண்டாவது கேள்வியைப் பற்றியது. அது 2022 இல் பிறந்த கேள்வி இல்லை. கிட்டத்தட்ட இருநூறு வருசமா நம்ம கூடவே வர்ற கேள்வி.

முதல்ல ஒரு சொல்லைப் பார்ப்போம். யாழ்ப்பாணத்தில் ஒருவர் ‘தோட்டத்துக்குப் போறன்’ என்றால் அது அவருடைய வெங்காயத் தோட்டம், புகையிலைத் தோட்டம். நம்ம ஆட்கள் ‘தோட்டம்’ என்றால் அது கம்பனியின் தேயிலை, கம்பனியின் இறப்பர், கம்பனியின் லயம். நமக்குச் சொந்தமில்லாத நிலத்துக்குத்தான் நாம் தோட்டம் என்று பெயர் வைத்திருக்கிறோம். நாம் நட்ட நாலு பாத்தியைச் சொல்ல ‘மரக்கறித் தோட்டம்’, ‘வீட்டுத்தோட்டம்’ என்று முன்னால் இன்னொரு சொல் ஒட்ட வேண்டியிருக்கிறது.

சோற்றைக் கொடுத்தார்கள், மண்ணைக் கொடுக்கவில்லை

1820களில் கம்பளைப் பக்கம் ஆரம்பித்த கோப்பித் தோட்டங்களுக்கு நம் முன்னோர்கள் நிரந்தரமாகக் குடியேற வரவில்லை. திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கங்களில் இருந்து கோப்பி பறிக்கும் காலத்துக்கு வந்தார்கள், முடிந்ததும் ஊருக்குத் திரும்பினார்கள். கோப்பிக்கு வருசம் பூராவும் அவ்வளவு ஆள் தேவையில்லை. சில மாசம் மட்டும் இருக்கிற இடத்தில் யாரும் முருங்கை நட மாட்டார்கள்.

அப்போ சாப்பாடு? அரிசி கப்பலில் வந்தது, இந்தியாவில் இருந்தும் பர்மாவில் இருந்தும். தோட்ட நிர்வாகம் அரிசியைக் கொடுத்து, அதன் விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. வழிச்செலவு, முற்பணம், அரிசி எல்லாம் சேர்ந்து கடனாகும். அந்தக் கடன் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதப்பட்டு, ஆளோடு சேர்ந்து ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாறும். அந்தத் துண்டு முறையை 1921 இல்தான் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

இந்த இடத்தில் உலகத்தின் இன்னொரு மூலையைப் பார்த்தால் நம் கதை இன்னும் தெளிவாகும். பிரிட்டிஷ்காரர்களின் ஜமேக்காவில், கரும்புத் தோட்டங்களில் ஆபிரிக்க அடிமைகள் வேலை செய்தார்கள். அவர்களுக்குச் சாப்பாடு வாங்கிப் போட முதலாளிகளுக்கு மனசில்லை. கரும்புக்கு ஆகாத மலைச்சரிவில் ஆளுக்குத் துண்டு நிலம் காட்டி, ‘நீயே பயிரிட்டுச் சாப்பிடு’ என்றார்கள். அது கருணையில் செய்தது இல்லை, செலவு மிச்சம். ஆனால் அந்த மக்கள் அங்கே வள்ளிக்கிழங்கு, வாழை, மிளகாய் நட்டார்கள். தங்கள் தேவைக்குப் போக மிச்சத்தை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் விற்றார்கள். கையில் காசு வந்தது, விவசாயம் கையில் இருந்தது. 1838 இல் முழு விடுதலை வந்தபோது, அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு நிறையப் பேர் கரும்புத் தோட்டத்தை விட்டு வெளியேறிச் சிறு விவசாயிகளானார்கள்.

இலங்கையில் துரைமாருக்கு அந்தச் சிரமம் இல்லை. பக்கத்திலேயே மலிவாக அரிசி கிடைத்தது. அதனால் தொழிலாளியின் சட்டி, பானை வரைக்கும் தோட்டத்துக் கணக்குப் புத்தகத்துக்குள் வந்தது. சட்டப்படி நாம் அடிமைகள் இல்லை. ஆனால் உலையில் போடும் அரிசியை யார் அளந்து கொடுக்கிறாரோ, அவரை எதிர்த்துப் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்பதை யோசித்துப் பாருங்கள்.

பாத்தி எப்போது வந்தது?

1869 இல் கோப்பிக்கு இலைத்துரு நோய் வந்தது. இருபது வருசத்துக்குள் கோப்பி அழிந்து தேயிலை வந்தது. 1876 இல் பிரேசில் விதையில் இருந்து முளைத்த இறப்பர் கன்றுகள் லண்டன் வழியாக இலங்கைக்கு வந்து, கம்பஹா ஹெனரத்கொடையில் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டு ஆரம்பத்தில் மோட்டார் வாகனமும் டயரும் பெருக, மழையும் சூடும் சேர்ந்த கேகாலை, இரத்தினபுரி, களுத்துறை மலையடிவாரங்கள் இறப்பர் காடாக மாறின.

தேயிலைக்கும் இறப்பருக்கும் வருசம் பூராவும் ஆள் வேண்டும். பெண்களும் வேண்டும், குடும்பமும் வேண்டும். அப்போதுதான் லயம் நிரந்தர வீடானது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னால் ஒரு இஸ்தோப்பு. காம்பராவுக்குப் பின்னால் தேயிலையும் இறப்பரும் ஏற முடியாத ஒரு துண்டு நிலம் மிஞ்சும். கல்லுக் காடு, ஆற்றோரம், கான் ஓரம். அங்கேதான் பாத்தி ஆரம்பித்தது. தமிழ்நாட்டில் வயலில் கூலியாகவும் சிறு விவசாயியாகவும் இருந்தவர்களுக்கு மண் புதிசு இல்லை. நிர்வாகத்துக்கும் அதில் ஆட்சேபம் இல்லை. மரக்கறிச் செலவு குறைந்தால் சம்பளம் கேட்டு வரும் சத்தமும் குறையும் என்று கணக்குத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் அந்த நிலத்துக்குக் காகிதம் கிடையாது. ‘பயிரிட்டுக்கோ’ என்பது வாய்வார்த்தை. இந்த ஒரு விசயம்தான் லயத்துப் பாத்தியின் உருவத்தையே தீர்மானித்தது.

நம்ம ஊர்க் குளிர்காலம்

உலகத்தில் பல நாடுகளில் தோட்டக் கலையைப் பற்றிப் பேசினால் குளிர்காலத்தை எப்படிக் கடப்பது என்று பேசுவார்கள். சப்ரகமுவவில் பனி விழாது. ஆனால் நமக்கும் ரெண்டு ‘குளிர்காலம்’ இருக்கு.

ஒண்ணு மழை. மே மாசம் தென்மேல் பருவமழை இறங்கினால் செப்டம்பர் வரை விடாது. ஒக்டோபர், நவம்பரில் மத்தியானத்துக்கு மேல் இடியோடு இன்னொரு சுற்று. இலங்கையில் அதிக மழை பெறும் இடங்களில் இரத்தினபுரியும் ஒன்று. மழை நாளில் இறப்பர் பால் வெட்ட முடியாது. பட்டை நனைந்தால் பால் கோடு தாண்டி வழிந்து வீணாகும். அன்றைக்குப் பேர் இல்லை.

ரெண்டாவது, இறப்பர் மரத்தின் குளிர்காலம். ஜனவரி, பெப்ரவரியில் இறப்பர் மரம் தன் இலை முழுவதையும் கொட்டிவிடும். துரைமார் இதை ‘விண்டரிங்’ என்பார்கள். பச்சைக் காடாக இருந்த மலை ரெண்டு வாரத்தில் செம்மஞ்சளாகி, பிறகு வெறும் கிளையாக நிற்கும். கேகாலையைத் தாண்டி பஸ்ஸில் போகிறவர்கள் அதை ஃபோட்டோ எடுப்பார்கள். பால் வெட்டுகிறவர்களுக்கு அது பால் குறையும் காலம். புது இலை விட்டு முற்றும் வரை வெட்டைக் குறைப்பார்கள், சில இடங்களில் நிறுத்தியே வைப்பார்கள். அதாவது பேர் குறையும்.

இந்த ரெண்டு குளிர்காலத்திலும் வீட்டைத் தாங்குவது பாத்தி. அதன் கணக்கும் இதை வைத்துத்தான் ஓடும். மழை காலத்தில் விதைத்தால் விதை அடித்துக்கொண்டு போகும், முளைத்தாலும் வேர் அழுகும். அதனால் பாத்தியை உயர்த்திக் கட்டி, சுற்றிக் கான் வெட்டுவார்கள். தேயிலை மலையில் கான் வெட்டிப் பழகிய கைக்கு இது சொல்லித்தர வேண்டிய வேலை இல்லை. மண்ணை மூடாமல் விட மாட்டார்கள். வாழை மட்டை, காய்ந்த புல், கிளிசரிடியா இலை, எது கிடைத்தாலும் மேலே பரப்புவார்கள். மழையில் தாங்குவது மரவள்ளி, சேம்பு, வத்தாளை, வல்லாரை, பொன்னாங்காணி. பொன்னாங்காணிக்கு ஒரு தண்டைக் கிள்ளி ஈரத்தில் குத்தினால் போதும்.

நவம்பர் கடைசியில் மழை தணியும்போது கீரை விதையும் வெண்டி, பயித்தை, கத்தரியும் மண்ணுக்குள் போகும். கீரை மூணு, நாலு வாரத்தில் கைக்கு வரும். வெண்டியும் பயித்தையும் ரெண்டு மாசத்துக்குள் காய்க்கும். அதாவது இறப்பர் இலை கொட்டிப் பேர் குறைகிற நேரத்துக்குச் சரியாக. இலை கொட்டியதால், வருசம் பூராவும் நிழலில் இருக்கும் லயத்துப் பின்பக்கத்துக்கு வெயிலும் கிடைக்கும். இறக்குவானை, பலாங்கொடை மேல் பக்கங்களில் தை மாசக் குளிரில் போஞ்சியும் லீக்ஸும் வரும். அடுப்புச் சாம்பல் புழுவுக்கு, மாட்டுச் சாணம் உரத்துக்கு, கிழிந்த உரப்பை இஞ்சி வளர்க்க. காலையில் பாத்தி ஓரத்தில் நத்தை பொறுக்குவது பிள்ளைகள் வேலை. 1900 வாக்கில் இலங்கைக்கு வந்து சேர்ந்த அந்தப் பெரிய ஆபிரிக்க நத்தை ஒரே ராத்திரியில் ஒரு பாத்தியை முடித்துவிடும். பன்றியும் முள்ளம்பன்றியும் மரவள்ளியைத் தேடி வரும். அதற்குப் பழைய கூரைத் தகரத்தில் வேலி.

இதையெல்லாம் செய்தது பெரும்பாலும் பெண்கள். காலையில் பிரட்டுக்குப் போய், நாள் பூரா கொழுந்து எடுத்தோ பால் வெட்டியோ வந்து, வெளிச்சம் போகும் முன் கிடைக்கிற ஒரு மணித்தியாலத்தில் களை பிடுங்கியது அவர்கள். அந்த வேலைக்கு எந்த செக்ரோலிலும் பேர் விழவில்லை.

இப்போ அந்தப் பயிர்களின் பட்டியலை இன்னொரு தடவை பாருங்கள். கீரை, வெண்டி, பயித்தை, போஞ்சி, மரவள்ளி. எல்லாமே ஒரு மாசத்தில் இருந்து பத்து மாசத்துக்குள் முடிகிற பயிர். பக்கத்துச் சிங்களக் கிராமத்து வளவில் பலா, ஈரப்பலா, தென்னை, பாக்கு, மிளகு என்று மூணு தலைமுறைக்கு நிற்கிற மரங்கள். லயத்தில் முருங்கையும் கறிவேப்பிலையும் கண்ணில் படும், அதற்கு மேல் அபூர்வம். இதற்கு மண் காரணம் இல்லை, ஒரே மலை, ஒரே மண். மரம் வைத்தால் அது உரிமை கொண்டாடுவது போல. பொதுவாக நிர்வாகங்கள் அதை விரும்பவில்லை. நாளைக்கே ‘இந்த இடம் வேணும்’ என்றால் கீரையை விட்டுப் போகலாம், பலா மரத்தை விட்டுப் போக மனசு வராது. ‘மரமெல்லாம் வேணாம், கீரையைப் போடு’ என்பது லயத்தில் வளர்ந்த யாருக்கும் புதுப் பேச்சு இல்லை.

1942: நடு என்றார்கள்

1942 மார்ச்சில் ஜப்பான் ரங்கூனைப் பிடித்தது. பர்மா அரிசி நின்றது. ஏப்ரலில் கொழும்பில் குண்டு விழுந்தது. நாட்டில் அரிசி ரேஷன் வந்தது. மலாயாவும் ஜப்பான் கையில் விழுந்ததால், நேச நாடுகளுக்கு இயற்கை இறப்பர் கிடைக்கிற முக்கிய இடமாக இலங்கை ஆனது. மரம் செத்தாலும் பரவாயில்லை என்று பட்டையில் இடம் விடாமல் வெட்டிப் பால் எடுத்தார்கள். அதே நேரம், அரிசி இல்லாததால் தோட்டங்களும் உணவுப் பயிர் செய்ய வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. அதுவரை ஓரத்தில் ஒதுங்கி நின்ற மரவள்ளியும் வத்தாளையும் திடீரென்று தேசிய சேவையாகிவிட்டன. பிரிட்டனிலும் அந்த வருசங்களில் பூந்தோட்டங்களைக் கிளறி உருளைக்கிழங்கு நடச் சொல்லிப் போஸ்டர் ஒட்டினார்கள்.

யுத்தம் 1945 இல் முடிந்தது. ‘நடு’ என்ற குரலும் முடிந்தது.

1946: நேவ்ஸ்மயர்

கேகாலை மாவட்டத்தில் உந்துகொடைப் பக்கம் நேவ்ஸ்மயர் என்று ஒரு தோட்டம். 1946 இல் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. சுற்றியுள்ள கிராம மக்களுக்குப் பிரித்துக் கொடுப்பது திட்டம். அப்போது காணி, விவசாய அமைச்சர் டீ.எஸ். சேனாநாயக்க. அங்கே வேலை செய்து, அந்த லயங்களிலேயே வாழ்ந்துவந்த நூற்றுக்கணக்கான தமிழ்க் குடும்பங்களுக்கு வெளியேறச் சொல்லி நோட்டீஸ் வந்தது.

கிராமத்து மக்களின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். 1840 ஆம் ஆண்டு முடிக்குரிய காணிச் சட்டம், பத்திரம் காட்ட முடியாத காட்டையும் சேனை நிலத்தையும் அரசுக்குச் சொந்தம் என்றது. அது துரைமார் கைக்குப் போனது. சப்ரகமுவவில் தோட்டமும் கிராமமும் ஒன்றுக்குள் ஒன்று கிடக்கின்றன. ஒரு ஓடைக்கு இந்தப் பக்கம் லயம், அந்தப் பக்கம் வளவு. மரவள்ளிக்கு அவர்கள் மஞ்ஞொக்கா என்பார்கள், பொன்னாங்காணிக்கு முகுணுவென்ன, சட்டியில் ஒன்றுதான். அவர்களுக்கும் நிலப்பசி உண்மை. ஆனால் அந்தப் பசியைத் தீர்க்க அரசு கை வைத்தது, தன் பெயரில் ஒரு அடி நிலம்கூட இல்லாதவர்களின் இருப்பிடத்தில்.

நேவ்ஸ்மயர் மக்கள் போகவில்லை. லயத்திலேயே இருந்தார்கள். அவர்கள் மேல் அத்துமீறல் வழக்குப் போடப்பட்டது. தான் வாழ்ந்த காம்பராவில் தொடர்ந்து இருந்ததும், அதன் பக்கத்து மண்ணை மிதித்ததும் சட்டத்தின் கண்ணில் குற்றம். இலங்கை இந்தியர் காங்கிரஸ் இதைக் கையில் எடுத்தது. கேகாலைப் பக்கத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. இது சம்பள உயர்வுக்கான வேலைநிறுத்தம் இல்லை என்பதைக் கவனியுங்கள். ‘நாங்க இங்கதான் இருப்போம்’ என்ற ஒரு வரிக்காக ஆயிரக்கணக்கானவர்கள் தங்கள் பேரை இழந்தார்கள்.

நம் வரலாற்றைப் பேசும்போது 1948 இல் இருந்து ஆரம்பிக்கிறோம். அந்த வருசம் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, நம்மை நாடற்றவர்களாக்கியது. ஆனால் ரெண்டு வருசத்துக்கு முன்னாடியே உந்துகொடையில் அதே கேள்வி லயத்து வாசலுக்கு வந்துவிட்டது. பிரஜாவுரிமை என்ற பெரிய சொல்லை நாம் முதலில் மண்ணில்தான் இழந்தோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பால் கொடுத்து அரிசி வாங்கிய நாடு

1952 டிசம்பரில் இலங்கை சீனாவோடு ஒரு ஒப்பந்தம் செய்தது. பாடப்புத்தகத்தில் இறப்பர்–அரிசி ஒப்பந்தம் என்று படித்திருப்பீர்கள். வருசத்துக்கு 50,000 தொன் இறப்பர் கொடுத்து 2,70,000 தொன் அரிசி வாங்குவது என்று ஐந்து வருசத்துக்கு. அந்த இறப்பரில் பெரும் பங்கு சப்ரகமுவவிலும் களுத்துறையிலும் வெட்டிய பால். அதாவது விடியற்காலையில் மரத்தடிக்குப் போய்ப் பால் வெட்டிய கைகள், நாட்டில் எல்லோருடைய சோற்றுக்கும் வழி செய்தன. அவர்களில் மிகப் பலருக்கு அப்போது நாடே இல்லை.

1964 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும், மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்று ரெண்டு பிரதமர்கள் கையெழுத்துப் போட்டார்கள். எந்தப் பக்கத்து லிஸ்டில் பேர் வரும் என்று தெரியாதவர்கள், வருசக்கணக்கில் நிற்கும் மரத்தை எந்த நம்பிக்கையில் நடுவார்கள்?

பிறகு 1972 காணிச் சீர்திருத்தம். ஒருவருக்கு 50 ஏக்கர்தான் என்று உச்சவரம்பு வந்தது. 1975 இல் கம்பனித் தோட்டங்களையும் அரசு எடுத்தது. நல்ல சட்டம், நிலம் இல்லாதவர்களுக்கு நிலம். ஆனால் தோட்ட நிலம் பிரிக்கப்பட்ட இடங்களில் பங்கு பெரும்பாலும் கிராமத்துக்குப் போனது. வேலை செய்தவர்கள் வேலையையும் லயத்தையும் பாத்தியையும் சேர்த்தே இழந்தார்கள். கேகாலை, இரத்தினபுரி போன்ற, கிராமத்தோடு ஒட்டிய சிறு தோட்டங்களில் அடி பலமாக விழுந்தது.

அதே நேரத்தில் 1973–74 பஞ்சம். இறக்குமதி குறைந்தது, ரேஷன் அரிசியும் மாவும் குறைந்தது. அரிசியை மாவட்டம் தாண்டிக் கொண்டுபோகத் தடை, வழியில் செக்கிங். வயல் உள்ள கிராமம் எப்படியோ சமாளித்தது. வயலும் இல்லாத, வளவும் இல்லாத லயங்களில் சாவு எண்ணிக்கை ஏறியது. தேயிலையின் விலை என்ன என்று கேட்டு பிரிட்டிஷ் டிவி அப்போது எடுத்த படம்தான் அந்தப் பட்டினியை வெளியுலகத்துக்குக் காட்டியது. ‘பஞ்ச காலம்’ என்று பெரியவர்கள் சொன்னால் அதைத்தான் சொல்வார்கள். மரவள்ளியைத் திறந்த பானையில் வேக வை, இஞ்சியோடு சேர்க்காதே என்று இன்றைக்கும் சமையலறையில் எச்சரிப்பதற்குப் பின்னால், மூணு வேளையும் மரவள்ளி தின்ற நாட்களின் அனுபவமும் இருக்கும்.

1977 ஓகஸ்டிலும் 1981 ஓகஸ்டிலும் வன்முறை வந்தது. 1981 இல் இரத்தினபுரி, கஹவத்தை, இறக்குவானை, பலாங்கொடைப் பகுதித் தோட்டங்களில் லயங்கள் எரிந்தன. தப்பியவர்களில் பலர் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போனார்கள். சிலர் இந்தியாவுக்கு. வன்னியில் அவர்கள் முதல் தடவையாக ஏக்கர் கணக்கில் காடு வெட்டி, கச்சானும் உழுந்தும் போட்டு விவசாயிகளானார்கள். பாத்தியில் பழகிய கை வயலுக்குப் பழகியது. அந்த மண்ணும் யுத்தத்துக்குள் போனது வேறு கதை.

ஏழு பேர்ச்

இப்போ நம்ம காலத்துக்கு வருவோம். 1992 இல் தோட்டங்களின் நிர்வாகம் மறுபடி தனியார் கம்பனிகளுக்குப் போனது. 2003 இல் ஒரு சட்டத்தோடு பிரஜாவுரிமைப் பிரச்சினை காகிதத்தில் முடிந்தது. நிலப் பிரச்சினை முடியவில்லை.

2016 மே 17 ஆம் திகதி, நாட்கணக்கில் பெய்த மழையில், அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்கள் புதைந்தன. அதே நாள் புலத்கொஹுபிட்டியவில் களுபஹன தோட்டத்து லயமும் மண்ணுக்குள் போனது. லயங்கள் எங்கே கட்டப்பட்டன என்பதை அங்கே வாழ்ந்தவர்கள் தீர்மானிக்கவில்லை. ஆபத்து தெரிந்தாலும் வேறு இடத்துக்கு மாறிப்போக, தங்கள் பெயரில் வேறு இடம் இல்லை.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்கள், நவம்பரில் பெரும்பாலும் விலக்கிக்கொண்டார்கள். தேயிலையும் நெல்லும் அடிபட்டன. 2022 செப்டம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அதாவது ஒரு வருசத்தில் சாப்பாட்டுச் சாமான் விலை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. நாட்டில் 63 இலட்சம் பேருக்கு உணவுப் பாதுகாப்பு இல்லை என்று ஐ.நா. நிறுவனங்கள் சொன்னபோது, அதில் மிக மோசமான நிலை தோட்டப்புறத்தில்தான். பச்சையாக மூடிய மலைக்கு நடுவில் இருக்கிறவர்கள்தான் நாட்டிலேயே அதிகம் பசியோடு இருந்தார்கள். ஏன் என்று கேட்டால், இதுவரை சொன்ன வரலாறுதான் பதில்.

இன்று அரசியல் மேடைகளில் அடிக்கடி கேட்கும் எண் ஏழு பேர்ச். லயத்துக்குப் பதிலாகத் தனி வீடு, அதோடு 7 பேர்ச் காணி, உறுதியோடு. ஏக்கருக்கு 160 பேர்ச். ஏழு பேர்ச் என்றால் ஏறத்தாழ 1,900 சதுர அடி. இந்திய வீட்டுத் திட்டத்து வீடு 550 சதுர அடி. கழிவறைக் குழி, நடைபாதை, தண்ணீர்த் தாங்கி, துணி காயப்போடும் இடம் எல்லாம் போக, பாத்திக்கு மிஞ்சுவது சில நூறு சதுர அடி. அதுவும் சரிவாக இருந்தால் இன்னும் குறைவு. இதைக் குறைத்துச் சொல்லவில்லை. சொந்தப் பெயரில் உறுதி கிடைப்பது இருநூறு வருசத்தில் வராத ஒன்று. எத்தனையோ குடும்பத்துக்கு அதுவும் இன்னும் வரவில்லை, அதிலும் சப்ரகமுவவில், எண்ணிக்கையில் சிறுபான்மையாகச் சிதறிக் கிடக்கும் நம்மிடம் நுவரெலியாவை விடத் தாமதமாகவே வருகிறது.

ஆனால் கோரிக்கை வீட்டோடு நின்றுவிடக் கூடாது. வீட்டுக்கு இடம் கேட்கிறோம், பயிரிட நிலம் கேட்பதில்லை. கைவிடப்பட்டு காடாகிக் கிடக்கும் தேயிலை மலைகளும் பராமரிப்பில்லாத இறப்பர் காடுகளும் நம் கண் முன்னாலேயே இருக்கின்றன. பல இடங்களில் நம்ம ஆட்கள் ஏற்கெனவே அதில் ஒரு மூலையைத் துப்புரவு செய்து மரக்கறி போட்டு, பக்கத்துப் பொலவில் விற்கிறார்கள். அது பல தலைமுறை வேலை. அதற்கு ஒரு காகிதம் வேண்டும். அந்தக் காகிதத்தில் மாலையில் களை பிடுங்கியவளின் பெயரும் இருக்க வேண்டும்.

நம்மில் நிறையப் பேர் கொழும்பில் கடையிலும் ஒஃபிசிலும் வேலை செய்கிறோம், பொங்கலுக்குத்தான் வீட்டுக்குப் போகிறோம். பொங்கல் நேரம் பாத்தி நல்லா இருக்கும், இறப்பர் இலை கொட்ட ஆரம்பிக்கிற சமயம். அடுத்த தடவை போகும்போது ஒரு வேலை செய்யுங்கள். லயத்தில் வயதானவர் ஒருவரிடம் உட்கார்ந்து, இந்தப் பாத்தியை யார் முதலில் வெட்டியது, இதுக்கு முன்னாடி எங்கே இருந்தது, ஏன் மாறியது என்று கேளுங்கள். ஃபோனில் பதிவு செய்யுங்கள். நேவ்ஸ்மயர் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். காணிக் கச்சேரியில் கோப்பு இல்லாத நிலத்துக்கு, அவர்களுடைய ஞாபகம்தான் இப்போதைக்குக் கோப்பு.

கையோடு ஒரு பலாக் கொட்டையும் ஊன்றிவிட்டு வாருங்கள். காய்க்க ஏழெட்டு வருசம் ஆகும். அதுவரை அந்த இடம் நம்முடையதாக இருக்குமா என்று யாராவது கேட்பார்கள். கேட்கட்டும்.